கூட்டக் குறிப்பு

பாடசாலை அபிவிருத்திச் சங்கம்.
திகதி போட்டேன்.
இடம்: மூன்றாம், நாலாம், ஐந்தாம் வகுப்பு.
மூன்றும் ஒரே மண்டபம்தான், நடுவில் இரண்டு அலுமாரி.
வந்தோர் ஒன்பது பேர்.
செயலாளர் நான்.

அதிபர் நாகேந்திரம் சேர் எழும்பித் தொகையைச் சொன்னார்:
இருபத்திமூன்று பிள்ளைகள்.
போன தையில் முப்பத்தொன்று.
இன்னும் குறைந்தால் வலயத்தில் வேறு கதை கதைப்பார்கள் என்றார்.
அதை நான் எழுதவில்லை.
‘கவனத்திற் கொள்ளப்பட்டது’ என்று எழுதினேன்.

கைப்பைக்குள் இருந்தது
இயலினியின் விடுகைப் பத்திரம் கேட்டு நான் எழுதிய கடிதம்,
நாலாய் மடித்து, கிளினிக் கொப்பியின் நடுவில்.

பிழையோ, சொல்லுங்கோ.
கிளிநொச்சியில் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில்
ஐந்தாம் வகுப்புக்கே நாலு பிரிவு.
ஆங்கிலத்துக்கு ஒரு ரீச்சர், ஆங்கிலத்துக்கு மட்டும்.
இங்கே
ஏழு மணி பஸ் வந்தால் கணிதம்,
வராவிட்டால் சித்திரம்.
என்ர பிள்ளை நல்லாய்க் கீறுவாள்.

அங்கே இடம் எடுக்க
மச்சாளின் கரண்ட் பில்லை இரவல் வாங்கினேன்,
நாங்கள் கனகபுரத்தில் குடியிருக்கிறோம் என்று காட்ட.
நன்கொடை என்றார்கள்.
விருப்பமென்றால் மட்டும் என்றார்கள்.
விருப்பம் முப்பத்தையாயிரம்.
தோடு இப்போது அடைவுகடையில்.

இந்தப் பள்ளிக்கூடம் தறப்பாளின் கீழ் தொடங்கியது.
மலசலகூடச் சுவரை இவர் பூசினார், கூலி வாங்காமல்.
படியில் ஈரச் சீமெந்து காயமுன்
யாரோ வீட்டு ஆடு ஏறி இறங்கிய குளம்படி
இன்னும் இருக்கிறது.
அங்கே ஒரு சுவரையும் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் வகுப்பில் இரண்டே பேர்.
இயலினி முதலாம் பிள்ளை,
சுகிர்தமலரின் ஆதவன் இரண்டாம் பிள்ளை.
நாங்கள் போனால் அவன்தான் முதலாம் பிள்ளை,
அலுமாரிக்கு அந்தப் பக்கம் தனிய இருந்து.

சுகிர்தமலர் எழும்பினாள்.
‘ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால்
பள்ளிக்கூடத்தை ஆர் தூக்கிறது?’
எல்லாரும் கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், பேனையை வாயில் கவ்விக்கொண்டு.

தீர்மானம்: சோதனை முடியும்வரை
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இடம் மாற்றுவதில்லை.
முன்மொழிந்தவர் சுகிர்தமலர்.
வழிமொழிய ஒருவரும் வாய் திறக்கவில்லை.
சேர் என்னைப் பார்த்தார்.
என் பெயரை நானே எழுதினேன்.

பிறகு தேத்தண்ணி, மாரி பிஸ்கற்.
சைக்கிள் நிற்பாட்டிய மரத்தடியில்
சுகிர்தமலர் கிட்ட வந்தாள்.
கோபம் இல்லை, குரலும் பெரிதாய் இல்லை.
‘அந்த வானில
இன்னொரு சீற் இருக்குமோ, கேட்டுப் பாரும்.’

கேட்கிறேன் என்றேன்.
அவளுடைய காதை அப்போதுதான் பார்த்தேன்,
வேப்பங்குச்சி.

உள்ளே சேர் தனிய நின்று
கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொண்டிருந்தார்.
இருவரும் திரும்பிப் போய்ப் பிடித்துக் கொடுத்தோம்.
ஒரு சின்னக் கதிரையின் கால் ஆடியது.
ஆணி அடிக்கவேண்டும் என்று
கொப்பியில் குறித்தேன்,
கையொப்பத்துக்குக் கீழே, இடமில்லாத இடத்தில்.