கழிவு எடை

செலாயாங் மொத்தச் சந்தை, விடிகாலை மூன்று.
லோரியிலிருந்து எகிப்து மூட்டைகள் இறங்குகின்றன.
சாக்கில் அரபு எழுத்து.
ஷோஃபிக் விரல் வைத்து உரக்க வாசிக்கிறான்;
ஓதக் கற்றவன்.
அர்த்தம் கேட்டால் சிரிப்பு:
"உருளைக்கிழங்குதான், வேறென்னக்கா?"

ஆறாவது மூட்டையில்
கிழங்கோடு கிழங்காக ஒரு மண்கட்டி.
ஈரத்தில் யாரோ அழுத்திப் பார்த்த
பெருவிரல் பள்ளம்
அப்படியே காய்ந்திருந்தது.
என் விரலை வைத்தேன்,
சுற்றிலும் இடம் மிச்சம்.

நானூறு கிராம்.
மண்ணுக்கு எவன் காசு கொடுப்பான் என்று
தவுக்கே கத்துமுன்
கழிவில் எழுதிவிட்டு
வாசலோரம் வைத்தேன்.

ஐந்து மணிக்குப் பிடித்தது மழை.
வாய்க்கால் தண்ணீரே குடித்த மண்ணுக்கு
இது புதுசாக இருக்கலாம்.
முதலில் பள்ளம் நிறைந்தது.
பிறகு பழுப்பாக ஒரு கோடு
சாக்கடை வரை.

ஷோஃபிக் அதைத் தாண்டாமல்
மிதித்துக்கொண்டே
ஏழாவதைச் சுமந்து வந்தான்.