வடக்குச் சுவர்

முதலில் உள்ளேதான் தெரிந்தது.
பீரோவுக்குப் பின்னால்
ஒரு கை அகலத்துக்கு ஈரம்,
பிறகு அதன்மேல் மாவு தூவினாற்போல் உப்பு.
மாதையன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.
பெயிண்டர்கள் இப்படிச் செய்வார்களென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
"வெளிச்சுவத்தப் பாக்கணும் சார்."

வெளிச்சுவர்.
கண்ணங்குறிச்சியில் இந்த வீட்டைக் கட்டி
ஏழு வருஷமாகிறது.
தெருவைப் பார்த்த சுவருக்கு
இரண்டு முறை நிறம் மாற்றியாயிற்று.
வடக்குச் சுவரை
பூச்சு முடிந்த அன்று பார்த்ததோடு சரி.
அதைப் பார்க்க
குணவதியின் மனையில் நிற்க வேண்டும்.
குணவதியின் மனையில் நிற்க
முன்சீப் கோர்ட்டில் ஓடும் வழக்கு நிற்க வேண்டும்.

ஒன்பது அங்குலம்.
ஒரு செங்கல்லின் நீளம்.
அதை நான் தின்றுவிட்டேன் என்று அவர்,
அவர் கல் நட்ட இடமே தப்பு என்று நான்.
நான்கு வருஷமாக
வக்கீல்கள் வழியாகத்தான் பேச்சு,
அதுவும் பாரா எண் போட்டு.
ஈரத்துக்கு அவர்கள் துணி துவைக்கும் தண்ணீரே காரணம்
என்று அடுத்த மனுவில் சேர்க்கச் சொல்லியிருந்தேன்.

மாதையன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
கம்பி பிரஷையும் பட்டிக் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு
தெருவைச் சுற்றிப் போய்
"அக்கா, பெயிண்ட் வேலைங்க" என்றார்.
கேட் திறந்தது.
பின்னால் நான் நிற்பது தெரிந்த பிறகும்
சாத்தப்படவில்லை.

மேலே, சாரம் கட்டாமல் எட்டாத உயரத்தில்
கொப்புளம் கொப்புளமாய் எழும்பி
வெடித்தவை அப்பளமாய்ச் சுருண்டு தொங்கின.
சேர்வராயன் மலையிலிருந்து சாய்ந்து வரும் மழை
முதலில் அறைவது இந்தச் சுவரைத்தான்.
ஆனால் பாசி மழையின் வழியில் இல்லை.
மொட்டைமாடிக் குழாயின் மூட்டில் தொடங்கி
கறுப்பாய், நேராய் இறங்கியிருந்தது.
குழாய் என்னுடையது.
மூட்டும் என்னுடையது.
அதற்கு எந்த மனுவிலும் பாரா இல்லை.

கீழே, ஓர் ஆளின் கை எட்டும் உயரம்வரை
சுவர் வேறு நிறத்தில் இருந்தது.
வெளிர் பச்சை.
நான் ஒருநாளும் வாங்காத பச்சை.
நடுவில் அடர்த்தியாய்,
ஓரங்களில் டப்பா தீர்ந்துபோய்
பிரஷ் தடம் மட்டும்.
"இது யாரு அடிச்சது?"

குணவதி கரண்டியோடு நின்றிருந்தார்.
"என் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரா இருக்குது.
தினமும் நாந்தானே பாக்குறேன்."

மாதையன் நகத்தால் சுரண்டினார்.
பச்சை உரிந்தது.
அதனடியில் என் சந்தன நிறமும்
அதே சுருளில் சேர்ந்து வந்தது.
சிமெண்டைத் தட்டினார், பொள்ளலாய்ச் சத்தம்.
"ரெண்டு பேருமே பிரைமர் வைக்கல" என்றார்.
ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

இப்போது அடித்தால் அடுத்த ஆடிக்குள் உரியும்.
முதலில் மூட்டு,
பிறகு கொத்தி எடுத்துப் புதுப்பூச்சு,
பிறகு காய வேண்டும்.
எத்தனை நாள் என்றேன்.
"அது சுவரு சொல்லணும்."

மூட்டை அன்றே அடைத்தார்.
பத்து நாள் கழித்து வந்து
பச்சையின்மேல் ஒரு பாலித்தீன் தாளை வைத்து
நாலு பக்கமும் டேப் ஒட்டினார்.
காலையில் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் பனி.
உள்பக்கமென்றால் தண்ணீர் இன்னும் சுவருக்குள்.
"நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா.
சாருக்கு இங்கிருந்து தெரியாது."

அன்றிரவு பீரோவை நகர்த்திவிட்டு
அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் படுத்தேன்.
ஜன்னலில் ஏற்காடு சாலையின் விளக்குகள்
ஒரு வளைவு தெரிந்து, ஒரு வளைவு மேகத்துக்குள்.
அந்தப் பக்கம் பாத்திரம் கவிழ்த்தும் சத்தம்.
இந்தச் சுவரின் கனமும்
ஒன்பது அங்குலந்தான்.

ஆறரைக்குப் போன் வந்தது.
சேமித்து வைக்காத எண்,
வக்கீல் நோட்டீஸில் பார்த்துப் பார்த்து
மனப்பாடம் ஆகியிருந்தது.
பெயர் சொல்லவில்லை.
"உள்பக்கந்தான் வேர்த்திருக்குது."
வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.
"பிரிச்சிரட்டுங்களா,
இன்னும் கொஞ்ச நாள் ஒட்டியே இருக்கட்டுங்களா?"

பதினாலாம் தேதி வாய்தா.
இருக்கட்டுங்க என்றேன்.