நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சட்டக் கல்லூரி நூலகத்தில்
ஆடி மாதம் என் முதல் வேலை
ஜன்னல் கொக்கிகளை மாட்டுவது.
விட்டால் காற்று உள்ளே வந்து
எல்லா வழக்கையும் ஒரே நேரத்தில் விசாரிக்கும்.

இரண்டாவது வேலை, எண்கள்.
கொலை முன்னூற்றிரண்டைக் காலிசெய்து
நூற்று மூன்றுக்குக் குடிபோய்விட்டது.
ஊரே வசவாக வைத்துக்கொண்டிருந்த நானூற்றிருபது
முன்னூற்றுப் பதினெட்டில் வந்து உட்கார்ந்து
இன்னும் யாருக்கும் முகம் பிடிபடவில்லை.
பழசு இடப்பக்கம், புதுசு வலப்பக்கம்,
ஒன்பது தாளில் அட்டவணை போட்டு
ஆசிரியர் மேசைதோறும் வைத்தேன்.
நாச்சிமுத்து சார் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"வகுப்புல வாய் பழசத்தான் சொல்லுதுங்க,
கை பையத் தொட்டுப் பாத்துக்குது."

கோகிலவாணி மேடம் பூட்டும் நேரத்தில்தான் வருவார்,
வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடி.
"சித்தெ இருங்க, ஒரே ஒரு தீர்ப்புங்க."
பவானிக்கு வடகரையில் ஒரு வாய்க்கால். பேர் வேண்டாம்,
மேல்மடைக்காரர் பேரன்கள் இங்கே படிக்கிறார்கள்.
மேல்மடை தண்ணீரைக் கட்டிக்கொண்டது,
கீழ்மடை கோர்ட்டுக்குப் போனது,
முப்பத்தொன்றில் கீழ்மடை ஜெயித்தது.
பதினோரு வருசமாக அதைத்தான் நடத்துகிறார்.
இப்போது கட்டுரைக்கு
சொல்லுக்குச் சொல் மேற்கோள் வேண்டும்.

தொகுதியை இறக்கினேன்.
பூச்சி தின்ற முதுகு. அட்டையில் ஒரு மஞ்சள் கட்டைவிரல்;
ஈரோட்டில் மாசி பிறந்தால் பாதிப் பிள்ளைகள்
மண்டியிலிருந்து நேரே படிக்க வருவார்கள்.
நானூற்றுப் பத்து.
அடுத்து நானூற்றுப் பதின்மூன்று.
நடுவில் பிளேடு விட்டுப்போன தாள்,
அரை விரல் அகலத்துக்கு ஒரு வேலி.

கணினியில் தேடலாமே என்பீர்கள்.
சந்தா மார்ச்சோடு முடிந்தது.
புதுப்பிக்கும் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறதென்று
எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.
மதுரையில் ஒரு நூலகர், ஜெசிந்தா. பார்த்ததில்லை.
நான் அவளுக்கு நிலவரி அரசாணைகள் அனுப்புவேன்,
அவள் எனக்கு இல்லாத பக்கங்களை அனுப்புவாள்.

மூன்றாம் நாள் படம் வந்தது,
ஓரத்தில் தாளை அழுத்திப் பிடித்த கட்டைவிரலோடு.
மேடம் சொன்ன சொல்லிலேயே மேற்கோள் இருந்தது.
மறுபக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்,
பதிப்பாளர் குறிப்பு:
இத்தீர்ப்பு மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது.

முப்பத்துநாலாம் தொகுதியை எடுத்து
நின்றபடியே படித்தேன்.
ஆமாம். மேல்மடை.

தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை,
மறைப்பதும் இல்லை.
இரண்டையும் அவர் உட்காரும் இடத்தில் வைத்து
துண்டுச்சீட்டில் "அடிக்குறிப்பு" என்று எழுதினேன்.
பென்சிலில். அழிக்கிற மாதிரி எதற்கு எழுதினேனோ.

அன்றைக்கு எட்டரை மணி வரை இருந்தார்.
கட்டுரையின் முதல் வரியை அடித்தார்.
பிறகு தலைப்பை.
"இத வெட்டினது யாருங்க?"
"மேல்மடைக்காரரா இருக்காதுங்க."
சாவியைத் தேடிக்கொண்டே சிரித்தார்.
சாவி கையில்தான் இருந்தது.

மறுநாள் முதல் வகுப்பு, அடுத்த அறை. சுவர் மெலிசு.
"போன வாரம் சொன்னத அடிச்சிருங்க.
தப்பாச் சொல்லீட்டேன். பதினோரு வருசமா."
இழை அறுந்ததும் தறி நிற்குமே,
அப்படி ஓர் அமைதி.
அப்புறம் அறுபது பேனாக்கள் கோடு இழுத்தன.

மத்தியானம் வந்து கேட்டார்:
"முன்னாடி படிச்சவங்க விலாசம் இருக்குதுங்களா?"
கோபியில், தாராபுரத்தில், பவானியில்
கறுப்புக் கோட்டோடு அதையே வாதாடிக்கொண்டிருப்பார்கள்.
பழைய உறுப்பினர் பதிவேட்டைத் தூசி தட்டினேன்.
இதுவரை நாற்பத்திரண்டு கடிதம் போயிருக்கிறது.
மூன்று திரும்பி வந்துவிட்டது.

பழனாத்தாள் மைதாப் பசை காய்ச்சி
வேலியில் புதுத் தாளை ஒட்டினாள்.
ஓரத்தை வெட்டட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
ஜெசிந்தாவின் கட்டைவிரல்
பக்கத்தைப் பிடித்தபடி
இங்கேயே இருக்கிறது.