பழகிடும்

சங்கத்துப் படிவத்தில், இனம் என்ற கட்டத்தில்
ஹஸ்கி என்று போடச் சொன்னார் பொன்னப்பா சார்.
போட்டேன்.

மோமோ என்று பெயர்.
கூப்பிட்டால் திரும்பாது,
வேறு யாரையோ கூப்பிட்டதுபோல் கதவைப் பார்க்கும்.
குளியலறை டைல்ஸில் குழி தோண்டிப் பார்த்து
இரண்டு நகம் பிய்ந்திருந்தது.
யாராவது பார்த்தால் சாப்பிடாது.
சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி
மரத்தரையில் ஒற்றையடிப் பாதை விழுந்தது.
மேடம் அதன்மேல் கம்பளம் விரித்தார்.
கம்பளத்திலும் விழுந்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு நடைக்குக் கூட்டிப்போவேன்,
அல்சூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து.
தினமும் பார்க்கிற என்னையே விடாமல் குரைக்கும்
சர்ஜாபூர் ரோட்டுத் தெருநாய்கள்
இதைக் கண்டால் குரைப்பதில்லை.
வாலை ஒடுக்கிக்கொண்டு
டீக்கடைக்குப் பின்னால் போய்விடும்.
படிவத்தை அவை படிக்கவில்லை.

போன வியாழன் கரண்ட் போய்,
ஜெனரேட்டரும் கைவிட்டு, லிஃப்ட் நின்றது.
பதினான்கு மாடி, இருட்டுப் படி.
ஒன்பதாவதில் என் மணிக்கட்டைக் கவ்வியது.
கடிக்கவில்லை.
பல்லுக்குள் நாடி துடிக்கத் துடிக்க
அப்படியே நின்றது. நானும்.
ரிங் ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு போக
கையை விட்டது,
தலையைத் தூக்கி அதற்குப் பதில் சொன்னது.
மேலும் கீழும்
கதவுகள் தாழ் போட்டுக்கொள்ளும் சத்தம்.

நேற்று சார் கேட்டார்:
"மார்ச்சில் குழந்தை பிறக்கும்.
வீட்டுக்கு ஒத்து வருமா இது?"

மாதம் ஒன்பதாயிரம்.
"பழகிடும் சார்" என்றேன்.

மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தது
ஒரு நொடி நின்றது.
பிறகு, விட்ட இடத்திலிருந்து.