பதினொன்று

அஞ்செட்டிக்கு முதல் பஸ் ஆறேகால்.
தேன்கனிக்கோட்டை நிறுத்தத்தில் எண்ணினேன்: பதினொன்று.
ஏறியதும் எண்ணினேன். கொண்டை ஊசி வளைவில்
முனிரத்னா ஜன்னல்வழி வாந்தியெடுத்த பிறகும்
எண்ணினேன்.
சனிக்கிழமைகளில் நான் வேறொன்றுமில்லை,
ஒரு எண்ணுக்குக் காவல்.

மண்வெட்டி ஆறு. கடப்பாரை மூன்று.
கையுறை பதினோரு ஜோடி,
போன வார வேர்வை இன்னும் காயாதவை.
முதலுதவிப் பெட்டியில் டிஞ்சர், பஞ்சு,
யாரோ பதுக்கிய புளிப்பு மிட்டாய்.
காட்டைக் காக்கும் இளம் கரங்கள் என்று
பதாகையில் அச்சடித்திருக்கிறது.
சான்றிதழுக்கு வந்தவர்கள்,
வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்தவர்கள்,
ஃபர்ஹானா வருவதால் வந்த ருத்ரேஷ்.
எனக்கும் நாளுக்கு அறுநூறு ரூபாய்.
யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

உண்ணிச்செடி அழகாகத்தான் பூக்கிறது,
மஞ்சளும் சிவப்பும் ஒரே கொத்தில்.
அதன் அடியில் புல் முளைக்காது.
புல்லில்லாத காட்டில் யானைக்கு என்ன வேலை,
ராகிக்கு இறங்கிவிடுகிறது.
இதை நான் சொன்னபோது இரண்டு பேர் கேட்டார்கள்.
மற்றவர்கள் சிக்னல் தேடினார்கள்.

தண்டை வெட்டினால் வீம்புக்கு இரண்டாக வரும்.
மண்ணுக்குள் கழுத்தைத் தேடி அறுக்க வேண்டும்.
அறுத்ததைப் புதர்மேலேயே
தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும்,
வேர் வானம் பார்க்க.
மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும்.

பத்து மணிக்கு முதல் கொப்புளம், முதல் சண்டை.
"கடப்பாறைய நீயே வெச்சிகினா எப்பிடிடா?"
ஒரு புதரில் சின்னான் கூடு.
வெங்கடலட்சுமி குறுக்கே நின்றுகொண்டாள்,
அதை விட்டுவிட்டோம்.
சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் எண்ணினேன்.
பன்னிரண்டு.

குறைந்தால் என்ன செய்வதென்று
பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்:
மூன்று விசில், வனக்காவலருக்கு போன்.
கூடினால் என்னவென்று யாரும் சொல்லவில்லை.

ஓரத்தில், பித்தான் இல்லாத சட்டையில் ஒருவன்.
அவன் ஆடுகள் பாறைமேல் நின்று
எங்களை மேற்பார்வை பார்த்தன.
ஜடையன். எட்டாவதோடு சரி.
"காலைலேர்ந்தே அந்தாண்ட புடுங்கிகினு இருக்கான் மிஸ்,
நாங்கதான் சொல்லல."

பொட்டலம் பதினொன்று.
காப்பீடு பதினொரு பேருக்கு.
அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் விதி.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் ருத்ரேஷ் தன் இடதுகை உறையை
அவன்மேல் வீசினான், கல்லெறிவதுபோல.
ஃபர்ஹானா இலையைக் கிழித்து
புளிசாதத்தில் பாதியைத் தள்ளினாள்.
முனிரத்னா, வேண்டாத முட்டையை.
யாரும் நல்லவர்போல முகம் வைத்துக்கொள்ளவில்லை.
அவனும் நன்றி சொல்லவில்லை.
"உப்பு கம்மி" என்றான்.

மதியத்துக்கு மேல்
ஒற்றைக் கையுறைக்காரர்கள் இருவரும்
ஒரே கடப்பாரையில்.
"புல்லு வந்தா ஆடு மேய்க்க உடுவாங்களா மிஸ்?"
வனத்துறையின் பதில் எனக்குத் தெரியும்.
பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் வேரைப் பார்த்தபடி நின்றான்.
பிறகு அடுத்த புதருக்குப் போனான்.
ஏன் போனான் என்பது
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மாலை, பதிவேடு.
பதினோரு வரிக்குக் கட்டம் போட்ட பக்கம்.
அடியில், அடிக்குச்சி இல்லாமல்,
கோணலாக இன்னொரு கோடு இழுத்திருந்தாள் வெங்கடலட்சுமி.
அவன் மெதுவாக எழுதினான்,
இனிஷியலோடு.
திங்கட்கிழமை ஆபீசில் கேட்பார்கள்.

கடைசி பஸ்.
தலைகள் பதினொன்று, சரி.
மண்வெட்டி ஆறு. கடப்பாரை மூன்று.
கையுறை இருபத்தொன்று.
இன்னொரு முறை பையைக் கொட்டினேன். இருபத்தொன்று.
ருத்ரேஷ் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்,
இடது கையை பாக்கெட்டில் விட்டபடி.
நான் கேட்கவில்லை.