இன்னொரு பாட்டில்

ஆடி பிறந்து நாலாம் நாள்.
கூடலூரில் மழை கடைசியாக எப்போது நின்றது
என்று யாருக்கும் நினைவில்லை.
ஆண்கள் வார்டில் ஒழுகுமிடத்தில்
நீல வாளியை வைத்துவிட்டுத் திரும்புகிறேன்,
சேரம்பாடி ஜீப் ஒன்று
சிவபாக்கியத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது.

காலில் அட்டைக்கடி. சொறிந்தது, சீழ் வைத்தது.
அந்தக் காலோடு ஐந்து நாள் கொழுந்தெடுத்திருக்கிறாள்
அரைப்பேராவது விழட்டும் என்று.

எழுபதுக்கு நாற்பது.
காய்ச்சல்கூட இல்லை. கை மீன்போலச் சில்லிட்டிருக்கிறது.
மணி பத்து இருபது என்று உரக்கச் சொல்கிறேன்.
டாக்டர் ஷஹீதா: பதினொன்று இருபதுக்குள்
ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்கணும்.
அதற்குமுன் கைக்கு ஒன்றாய் இரண்டு குப்பி ரத்தம்.
கிருமியின் பெயர் மூன்று நாள் கழித்து வரும்.
அதுவரை பெயர் தெரியாமலே அடிக்க வேண்டியதுதான்.

எடை நாற்பத்தெட்டு கிலோ என்கிறேன்.
கண்ணைத் திறக்காமல் அவள்:
"ஐம்பது இருக்கும் கணக்கப்பிள்ளை,
மறுபடி நிறுங்க."

கிலோவுக்கு முப்பது மில்லி.
ஆயிரத்து நானூற்று நாற்பது என்று
உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன்.

நகத்தை அழுத்தி, நிறம் திரும்பும் நொடியை எண்ண வேண்டும்.
இருபத்திரண்டு வருஷத் தேயிலைக் கறை;
அந்த நகத்தில் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது.
போர்வையை விலக்கி முழங்காலில் அழுத்துகிறேன்.
சுற்றிலும் ஊதாத் திட்டுகள்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.
ஆறு.

மூன்றாவது பாட்டில் முடியும்போது
முதுகில் ஸ்டெத்தை வைத்த டாக்டரின் முகம் மாறுகிறது.
நானும் கேட்டேன். ஈர விறகு பற்றுகிற சத்தம்.
"தண்ணி போதும். நிறுத்துங்க."
அழுத்தம் இன்னும் எண்பத்திரண்டுதான்.

கதவோரத்தில் நிற்கிறார் மருதவீரன்.
"இன்னொரு பாட்டில் போடுங்கம்மா.
வெளிய வாங்கணும்னா வாங்கியாறேன்.
இத்தன மழ பேயிற ஊர்ல
ஒரு பாட்டில் தண்ணிக்கா பஞ்சம்?"

அவரிடம் எப்படிச் சொல்வது?
ஊற்றியது குழாயில் நிற்கவில்லை,
கசிந்து நெஞ்சுக்குள் தேங்குகிறது என்று
பாதி சொல்லி நிறுத்தினேன்.
யோசித்தார்.
ஏழாம் நம்பர் காட்டில் மருந்தடிக்க
பதினாறு வருஷம் தண்ணீர் இழுத்தவர்.
"டாங்கில தண்ணி இருக்கு. ஹோஸ் தொளதொளத்துப் போச்சு."
ஆமாண்ணே.
"அப்ப ஹோஸை இறுக்குங்க. என்னத்துக்கு நிக்கிறீங்க?"

நார்அட்ரினலின்.
இருக்கிற ஒரே பம்ப்
பூச்சிமருந்து குடித்த பையனின் தலைமாட்டில்.
சின்னத் துளி செட்டை மாட்டி, கைக்கடிகாரத்தைப் பிடித்து
எண்ணுகிறேன் துளிகளை.
முழங்கை நரம்பில் வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும்;
தோல் வெளுக்கிறதா என்று அங்கே ஒரு கண்.

சராசரி அழுத்தம் அறுபத்தைந்து வேண்டும்.
ஐம்பத்து நாலு. ஐம்பத்தெட்டு.
கரண்ட் போய் வருகிறது.
ஐம்பத்தேழு.
போனில் ஆம்புலன்ஸ் தம்பி:
"நடுவட்டத்துக்கு மேல மரம் விழுந்து கிடக்குக்கா,
அறுத்துக்கிட்டிருக்காங்க. ஊட்டிக்கு விடிஞ்சாத்தான்."
துளியைக் கூட்டுகிறேன். மறுபடி கூட்டுகிறேன்.
இரண்டு மணிக்கு ஹைட்ரோகார்டிசோன் ஐம்பது.

மூன்று பத்துக்கு அறுபத்தாறு.
நம்பாமல் முழங்காலில் அழுத்துகிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
அவ்வளவுதான்.

கட்டிலுக்குக் கீழே டார்ச் அடித்துக் குனிகிறேன்.
பையின் மூலையில், சாயம் இறங்கிய டீயின் நிறத்தில்
இருபத்தெட்டு மில்லி.
சார்ட்டில் எழுதும்போது எழுத்து கோணுகிறது.
மருதவீரனும் குனிந்து பார்க்கிறார்.
"ஒரு டம்ளர்கூட இல்லையே."

பத்தரையிலிருந்து இப்பத்தாண்ணே, முதல் தடவை.
அவர் நகரவில்லை. பையையே பார்த்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆண்கள் வார்டில் யாரோ திட்டுகிறார்கள்:
வாளி நிரம்பி வழியுது, ஏம்மா
பாக்க ஆளில்லையா?