எச்சரிக்கை மூன்று, பதிப்பு 7.3

எபேன் கட்டடத்தின் ஆறாம் மாடியில்
பதினெட்டு மேசைக்கும் நேற்றிரவு நானே ஏற்றினேன்
பதிப்பு 7.3.
இன்று மதியம் வானொலி சொன்னது, எச்சரிக்கை மூன்று.
மேசைகள் அங்கேயே நின்றுவிட்டன.
ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள்
பையில் ரொட்டி, மெழுகுவத்தி, மத்தி டப்பாவோடு.
அவரவர் ஃபோனில் 6.8, 7.0,
ஒருவரிடம் ஐந்தில் தொடங்கும் ஏதோ ஒன்று.

நாங்கள் விற்பது விடுமுறை.
பாரிஸில் புயல் இல்லை, அதனால் கேள்விகள் நிற்கவில்லை:
விமானம் வருமா, பணம் திரும்புமா,
கடல் தெரியும் அறைதானே?

ஆறு மணிக்கு மேலாளர் குழுவில் எழுதினார்:
"நாளைய கார்களை ரத்து செய்யுங்கள்."
ஆறு மூன்றுக்கு அதையே திருத்தினார்:
"ரத்து செய்யாதீர்கள்."
7.3-இல் திருத்தம் தெரியும்.
பழையதில் முதலில் எழுதியது மட்டும்
கல்லில் வெட்டியதுபோல் நிற்கும்.
மாஹேபூரில் ழான்-நோயெல்
பதினோரு தேனிலவு ஜோடிகளின் கார்களை
ஒவ்வொன்றாக, கவனமாக, ரத்து செய்து முடித்தார்.
"படம் எடுத்து அனுப்புகிறேன், பாருங்கள்" என்றார் கோபத்தில்.
பார்த்தேன். அவர் திரையில் அவர் சொன்னது சரி.

அதன்பின் வீடு வீடாகத் தொலைபேசியில் நான்.
திரியோலேயில் அஷ்வினின் டேட்டா தீர்ந்துவிட்டது,
பக்கத்து வீட்டு வைஃபையைச் சுவரோடு சாய்ந்து பிடிக்கிறான்.
ஃபர்ஸானாவின் டேப்லெட் மகன் கையில்;
ஆட்டத்தில் அரக்கன் சாகும்வரை தரமாட்டானாம்.
தேவியானியின் மடிக்கணினி கடவுச்சொல் கேட்கிறது,
அவளோ என்னைக் கேட்கிறாள்.
"புதுப்பிக்கவா?" என்று எத்தனை மாதம் கேட்டிருக்கும்.
"பிறகு" என்ற பொத்தானில்
தீவு முழுக்கத் தேய்ந்த பெருவிரல்கள்.

இடையில் தேவியானி, வேலை முடிந்த உற்சாகத்தில்,
புதிதாய் வந்த பொம்மை ஒன்றை அனுப்பினாள்:
மழையில் நனைந்த கோழி.
எனக்கு வந்தது வெற்றுச் சதுரம்.
அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்குப் பட்டியல் பச்சை.
ஒரே ஒரு வரி சிவப்பு:
கனகாம்புஜம், ஃபோன், 6.9.
ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி,
கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

இடம் போதாது என்றது ஃபோன். இன்னும் ஒன்றரை ஜிபி வேண்டுமாம்.
என்னிடம் இருந்தவை அறுபத்து மூன்று வீடியோக்கள்,
எல்லாம் என் கூரை ஒழுகும் காட்சி.
டிசம்பரிலிருந்து, தேதி போட்டு, வாளியும் தெரியும்படி.
வீட்டுக்காரர் ராம்தோகுல் கேட்பார்: "ஆதாரம் எங்கே?"
சார்ஜ் முப்பத்தொன்று சதவீதம்.
கரண்ட் போய் அரை மணி நேரம்.
அறுபத்து மூன்று ஆதாரங்களையும் தேர்ந்தெடுத்தேன்.
நீக்கவா, என்றது. உறுதிதானா, என்றது மறுபடி.
மேலாளரைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

நாற்பது. எழுபத்தெட்டு.
ஜன்னல் பலகையை யாரோ உதைப்பதுபோல் காற்று.
தொண்ணூற்றாறில் நின்றுகொண்டது,
நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.
அப்புறம் வெள்ளைத் திரை:
"7.3-க்கு நல்வரவு. புதியவை என்னவென்று பார்க்கலாமா?"

டொக்.

திரையின் நடுவில் ஒரு சொட்டு.
அண்ணாந்து பார்த்தேன்.
படுக்கைக்கு நேர் மேலே, இதுவரை இல்லாத இடத்தில்,
பப்பாளிக்காய் அளவுக்கு ஈரம்.
உடனே எடுத்தேன், முதல் வீடியோ.
இருட்டில் விரல் தவறி
வீட்டுக்காரருக்குப் போக வேண்டியது குழுவுக்குப் போனது.

வானொலி அந்த நேரம் பார்த்து, விமான நிலையம் நாளை மூடல் என்றது.
ழான்-நோயெல் தவறாகச் செய்தது சரியாகிப்போனது;
அவர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
என் கூரைக்குக் கீழே
அவரிடமிருந்து ஒரே ஒரு பதில்.

கோழி.
இறகெல்லாம் ஒட்டி, அலகில் நீர் சொட்ட,
முழுசாக.